ஈரத்தோடு மூடி வைக்காதீர்கள்!

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையிலே, இன்று சவரப் பிரஷைப் பற்றிப் பேச நாம் எழுந்திருக்கிறோம். பின் வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள், தவறில்லை. "கிராணியாருக்கு வேறு விஷயம் அகப்படவில்லையா?" என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். காரணம் இல்லாமல் நாம் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

சென்ற மாதக் கூட்டம் கலைந்தபின் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். "அண்ணே, பிரஷ் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. முடி கொட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். சங்கத்தில் சொல்லி ஏதாவது செய்யமுடியுமா?" என்றார். எங்கே வைக்கிறாய் தம்பி என்று கேட்டோம். "கரப்பான் ஏறாமல் இருக்க, சோப்பு, கத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடி வைக்கிறேன்" என்றார். அந்த வழக்கில் கடைக்காரர் குற்றவாளி அல்லர் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். குற்றம் டின் மூடியின் பேரில்தான். இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அதே தவற்றை நாமும் ஒரு முறை செய்து, காசு கொடுத்து மீட்க முடியாத ஒன்றை இழந்திருக்கிறோம்.

நம் தந்தையார் முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர். இடையில் சில காலம் புகைக்கூடத்திலும் வேலை பார்த்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போனால், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். சவரமும் குளியலும் அப்போதுதான். அவரிடம் மரப்பிடி போட்ட பிரஷ் ஒன்று இருந்தது. பத்து ஆண்டுக்கு மேலாக அதே பிரஷ்தான். சவரம் முடிந்ததும் அவர் செய்வது என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும். குழாயடியில் நுரை போகும்வரை அலசுவார். கையால் ஒரு பிழி. மூன்று உதறல். தோள் துண்டில் முன்னும் பின்னுமாக நாலைந்து தடவல். பிறகு சன்னலோரத்து ஆணியில், தாமே வளைத்த கம்பி வளையத்தில் பிடியைச் செருகி, முடி கீழே பார்க்கத் தொங்கவிடுவார்.

சிறுவனாக இருந்தபோது, இதற்கு ஏன் இத்தனை சடங்கு என்று கேட்டோம். "ஷீட்டு காயற மாதிரிதான்டா. ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டா பூத்துப் போகும். நடுவுல காத்துப் போகணும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன விளக்கம்.

அவர் கடைசியாகச் சவரம் செய்தது ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலையில். "டாக்டர் முன்னால தாடியோட நிக்க மாட்டேன்" என்று, நடக்க முடியாத நிலையிலும் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டார். அவசரத்தில் பிரஷை அலசித் தொங்கவிட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. நாமே வாங்கி வைத்துவிட்டு அவரை வண்டியில் ஏற்றினோம். அவர் திரும்பி வரவில்லை. சடங்கு முடிந்து வந்து பார்த்தால் பிரஷ் நனைந்த துண்டில் சுருண்டு கிடந்தது. தந்தையார் தொட்ட பொருள் அல்லவா? கத்தி, சோப்புக் கிண்ணத்தோடு சேர்த்து, அந்த ஈரத் துண்டிலேயே பத்திரமாகச் சுற்றி, ஒரு டின்னில் வைத்து மூடி, அலமாரியில் பூட்டினோம். அப்போது அதை மரியாதை என்று நினைத்தோம்.

ஓராண்டு கழித்துத் திதி அன்று திறந்தோம். முடி முழுவதும் கரும்புள்ளி பூத்திருந்தது. மரப்பிடி வெடித்திருந்தது. தொட்டவுடன் கற்றை கற்றையாக முடி கையோடு வந்துவிட்டது. பத்து ஆண்டு உழைத்தும் கெடாத பிரஷ், ஓராண்டு சும்மா இருந்து கெட்டுப் போயிற்று. நம் அம்மா பார்த்துவிட்டு, "அவரு இதைத் தொங்கத்தானே போடுவாரு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைதான் இன்று நம்மை இங்கே நிறுத்தியிருக்கிறது.

தோழர்களே! பிரஷ் உழைப்பதால் கெடுவது குறைவு. ஈரத்தோடு அடைபட்டால்தான் விரைவில் கெடும். இது ஏன் என்று பார்ப்போம்.

விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நெருக்கமான இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகளில் நீர்மம் ஏறி நிற்கும். பிரஷும் அப்படித்தான். நுரையைத் தாங்குவதற்காகவே நெருக்கமாகக் கட்டிய முடி அது. ஆகவே சவரம் முடிந்த பிறகும் அதன் நடுவிலே, பிடியை ஒட்டிய அடிப்பாகத்திலே, தண்ணீர் தங்கிவிடுகிறது. நுனி காய்ந்தது போல் கைக்குத் தோன்றும், அடி காய்ந்திராது. அங்கேதான் முடியைப் பிணைத்திருக்கும் பசை இருக்கிறது. சோப்பின் மிச்சமும் அங்கேதான் போய்ச் சேருகிறது. ஈரம், சோப்பு அழுக்கு, வெப்பம் மூன்றும் சேர்ந்த இடம் பூஞ்சைக்கு விருந்து மண்டபம். நம் நாட்டிலோ காற்றே ஈரக்காற்று. குளிர்நாட்டில் ஓர் இரவில் காயும் பிரஷ், இங்கே மழைமாதத்தில் மறுநாளும் காய்ந்திராது.

இனி, செய்ய வேண்டிய முறையைச் சொல்கிறோம். இளைஞர்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

முதலாவது, அலசுதல். வெதுவெதுப்பான நீரோ பச்சைத் தண்ணீரோ போதும். கொதிநீர் ஆகாது; அது முடியையும் பசையையும் கெடுக்கும். நுரை வருவது நிற்கும்வரை அலச வேண்டும். வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலால் அடிப்பாகத்தை அகற்றி, உள்ளே வழுக்கல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பிழிதல். உள்ளங்கையால் மெல்ல அமுக்கினால் போதும். வேட்டி பிழிவது போல் முறுக்கக் கூடாது. முறுக்கினால் முடி ஒடியும், அடியில் தளரும். சவரம் செய்யும்போது பிரஷைக் கன்னத்தில் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் இதே நஷ்டம்தான். நடுமுடி ஒடிந்து, நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

மூன்றாவது, உதறுதல். வாசற்புறம் நின்று மூன்று நான்கு முறை நன்றாக உதறுங்கள். நடுவில் நிற்கும் நீரை வெளியேற்ற இதைவிட எளிய வழி இல்லை. பிறகு உலர்ந்த துண்டில் முன்னும் பின்னும் தடவுங்கள். முடி தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

நான்காவது, காற்றில் விடுதல். இங்கேதான் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. முடி கீழே பார்க்கத் தொங்கவிடுவதா, மேலே பார்க்க நிறுத்தி வைப்பதா? நம் தந்தையார் தொங்கவிடும் கட்சி. ஆனால் உண்மையைச் சொல்வதானால், நன்றாக உதறிய பிரஷில் சொட்டும் நீர் மிச்சமில்லை. மீதியைச் சந்துகள் பிடித்துக்கொண்டிருக்கும். அது வழிந்து போவதில்லை, காற்றோடுதான் போகும். ஆகவே இரண்டு கட்சிக்கும் வெற்றியே. உதறாமல் சொட்டச் சொட்ட வைப்பவர்கள் மட்டும் தொங்கவிடுவதே நல்லது. நிற்கட்டும், தொங்கட்டும், சுற்றிலும் காற்று இருக்க வேண்டும். கரப்பானுக்கு அஞ்சுகிறவர்கள் கம்பியில் தொங்கவிடுங்கள். அந்தத் தம்பியின் கவலைக்கு டின்னைவிடக் கம்பியே நல்ல மருந்து.

ஐந்தாவது, செய்யக் கூடாதவை. சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். உச்சி வெயிலில் போடாதீர்கள். புகைக்கூடத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது தெரிந்த கதை. ஷீட்டை எடுத்த எடுப்பில் பெருந்தீயில் காய வைத்தால் குமிழி கட்டும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், நாள் கணக்கில் பொறுமையாகவே காய வைப்பார்கள். பிரஷும் சூட்டில் காய்ந்தால் முடி முறுமுறுத்து ஒடியும், மரப்பிடி வெடிக்கும். அதேபோல, குவளைத் தண்ணீரில் பிரஷை இரவெல்லாம் ஊறப் போடுவதும் தவறு. சவரத்துக்கு முன் சில நிமிடம் ஊறினால் போதும்.

வெளியூர் போகிறவர்கள் டின்னில் வைக்கத்தான் வேண்டியிருக்கும். துளை போட்ட டின்னாக இருக்கட்டும். போய்ச் சேர்ந்த உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பல மாதம் எடுத்து வைப்பதானால், சில நாள் காற்றில் விட்டு, அடி வரை காய்ந்ததை விரலால் பார்த்த பின்னரே வைக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் பயன்படுத்தலாம். இரண்டும் சேர்ந்து உழைக்கும் காலம், ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் கெடுப்பதைவிட நீளமாக இருக்கும்.

முடியின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அது சோப்பும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்த கசடு. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா வட்டாரம் போன்ற இடங்களில், கிணற்று நீர் புழங்குவோர் இதை அறிவார்கள். கடையில் சுக்கா என்று கேட்டால் கொடுக்கும் காடியில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, சில நிமிடம் முடியை மட்டும் அதில் அலசிவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவினால் கரைந்துவிடும். சில மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

இங்கே ரப்பர்க்காரர்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. பழங்காலப் பிரஷ்களில் முடியைச் சாதாரணப் பசையால் ஒட்டினார்கள். சுடுநீர் பட்டுப் பட்டுப் பசை இளகும், சவரம் செய்தவர் முகமெல்லாம் பிரஷ் முடி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூவார்க் நகரத் தொழிற்சாலை ஒன்று, முடிக்கற்றையின் அடியை ரப்பரில் பதித்து, கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தி, 'ரப்பர்செட்' என்ற பெயரில் விற்றது. முடி கொட்டாத பிரஷ் என்று அது உலகெங்கும் பெயர் வாங்கிற்று. அது மலாயா ரப்பர் என்று நாம் உரிமை கொண்டாட மாட்டோம். அன்று நம் நாட்டுத் தோட்டங்களில் பெரும்பாலானவை இளங்கன்றாக இருந்தன. ஆனாலும் முடியைப் பிடித்து நிறுத்தியது ரப்பர் மரத்தின் பால்தான். இன்று அந்த வேலையைச் செயற்கைப் பிசின்கள் செய்கின்றன.

அடுத்தது, உடல்நலம். பிரஷிலும் கத்தியிலும் பங்காளி வேண்டாம். அண்ணன் தம்பியானாலும் சரி, ஒரே அறையில் தங்கும் நண்பர்களானாலும் சரி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். தாடியில் வரும் படை ஒருவர் தோலிலிருந்து மற்றவர் தோலுக்குப் பரவும். கத்தியில் ஒட்டும் இரத்தத்தால் கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் பரவும். இன்னொன்றும் உண்டு. பல பிரஷ்கள் பன்றி முடியால் ஆனவை. பன்றி, நாய் உறுப்புகளால் ஆன பொருள்களை அப்படியே குறித்து, தனியாக வைத்து விற்க வேண்டும் என்று நம் நாட்டில் 2013இல் உத்தரவு வந்தது. நம்மோடு வேலை செய்யும் மலாய்த் தோழர்கள், இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களின் சமயத்துக்கு அது விலக்கு. தெரியாமல் இரவல் கொடுத்து அவர்கள் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். செயற்கை இழைப் பிரஷ் விலையும் மலிவு, காய்வதும் சீக்கிரம்.

நல்லது. இதுவரை சொன்னது நம் கையில் உள்ளது. நம் கையில் இல்லாததும் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இறங்கினால் இது சங்க மேடை ஆகாது.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலருக்கு, போர்வீரர்கள் உட்பட, முகத்திலும் கழுத்திலும் கரும்புண் கண்டது. சிலர் இறந்தார்கள். ஆந்திராக்ஸ் என்னும் கால்நடை நோய் அது. விசாரித்ததில், சரியாகக் கிருமி நீக்காத விலங்கு முடியால், பெரும்பாலும் குதிரை முடியால், செய்த மலிவு விலைச் சவரப் பிரஷ்களே காரணம் என்று தெரிந்தது. அவர்கள் பிரஷைக் காய வைத்திருந்தால் தப்பியிருப்பார்களா? இல்லை. அந்தக் கிருமியின் வித்து உலர்ந்தாலும் சாகாது. வீட்டில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. மூலப்பொருளைத் தொழிற்சாலைக்கு வருமுன்பே சுத்தப்படுத்த வேண்டியிருந்தது.

இந்த ஆபத்து அதற்கு முன்னரே தெரியாததும் அல்ல. பிராட்போர்டு நகரின் கம்பளி ஆலைகளில் முடி பிரித்த தொழிலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த நோயால் மாண்டிருக்கிறார்கள். கம்பளி பிரிப்பவர் நோய் என்றே அதற்குப் பெயர் இருந்தது. 1919இல்தான் பிரிட்டனில் ஆந்திராக்ஸ் தடுப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டு முடியையும் கம்பளியையும் சுத்தப்படுத்த லிவர்ப்பூலில் அரசாங்கமே ஒரு நிலையம் அமைத்தது. சட்டம் வந்தபின் நோய் குறைந்தது. முடியைத் தொட்ட தொழிலாளிக்குப் பாதுகாப்பு வந்தபோது, அதே முடியால் சவரம் செய்தவர்களுக்கும் பாதுகாப்பு வந்தது.

இதை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பிரஷைக் காற்றில் விடுங்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிட்டோம். காற்று எங்கே இருக்கிறது? நம் வரிசையில் சில வீடுகளின் குளியலறைக்குச் சன்னல் இல்லை. சுவர் கசிந்து பாசி பிடித்திருக்கிறது. அங்கே பிரஷ் மட்டுமா காயாமல் இருக்கிறது? துணி காயவில்லை, பிள்ளைகள் இருமுகிறார்கள். தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1990இல் வந்து, 2019இல் திருத்தப்பட்டது. காகிதத்தில் இருக்கும் தரம் நம் குளியலறைச் சுவரிலும் இருக்க வேண்டும். ஆகவே, எந்தெந்த வீட்டுக் குளியலறைக்குக் காற்றுவழி இல்லை, எங்கெங்கே கசிவு என்று எண் வாரியாக எழுதிக் கொடுங்கள். கணக்கெழுதுவது நம் தொழில். பட்டியலை நாமே தயாரித்துச் செயலாளரிடம் ஒப்படைக்கிறோம். நிர்வாகத்துக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் அது சேர வேண்டும் என்று இந்தக் கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று ஒரு முறை சிரைத்துவிட்டு எறியும் கத்தியும், டப்பாவை அழுத்தினால் வரும் நுரையும் இருக்கும்போது பிரஷ் எதற்கு என்று சில இளைஞர்கள் கேட்கலாம். வேண்டாமென்றால் விடுங்கள், நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் மாதா மாதம் எறிந்துவிட்டு வாங்கும் பொருளுக்கும், ஒரு முறை வாங்கிப் பல ஆண்டு பேணும் பொருளுக்கும் ஆகும் செலவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். குறைந்த சம்பளக்காரனுக்குப் பேணத் தெரிவதும் ஒரு வருமானம். பால் எடுத்தபின் மங்கில் மழைநீர் நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம். வெட்டிய உளியைத் துடைத்து வைக்கிறோம். தோட்டத்துப் பொருளுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை நம் சொந்தப் பொருளுக்கும் காட்டலாம் அல்லவா?

நம் தந்தையாரின் பிரஷில் இப்போது மிஞ்சியிருப்பது வெடித்த மரப்பிடி மட்டும். அதை எறிய மனமில்லை. சென்ற ஆண்டு நாம் ஒரு புதுப் பிரஷ் வாங்கினோம். அவர் அடித்த அதே சன்னலோரத்து ஆணியில், அவர் வளைத்த அதே கம்பியில், அது தொங்குகிறது. நம் மகன் ஒரு நாள், ஏன் அப்பா தலைகீழாகத் தொங்குகிறது என்று கேட்டான். ஷீட்டு காய்வது போல என்று சொல்ல வாயெடுத்தோம். அவன் ஷீட்டைப் பார்த்ததே இல்லை. நம் புகைக்கூடம் பூட்டிப் பல ஆண்டு ஆகிவிட்டது. இங்கே இப்போது கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். ஆகவே அவனைத் தூக்கிப் பிடித்து, அடிமுடியை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். "இன்னும் ஈரமா இருக்குப்பா" என்றான். அதற்காகத்தான் தொங்குகிறது என்றோம். அவனுக்குப் புரிந்துவிட்டது.

தோழர்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். டின்னில் மூடி வைத்த பிரஷ் இருந்தால் மூடியைத் திறந்து, வெளியே எடுத்து, ஓர் ஆணியில் மாட்டுங்கள். ஆணி அடிக்கவும் காற்று வரும் சுவர் இல்லாத வீட்டுக்காரர்கள், நாளை மாலை ஆபீஸ் வாசலுக்கு வந்து வீட்டு எண்ணைச் சொல்லுங்கள். பட்டியலோடு காத்திருப்போம்.